முழங்கை உள்ள கத்தி

மொண்டானாவின் வடக்கே
ரயில் நின்றால் ஊர், நிற்காவிட்டால் வயல்
என்று சொல்லத்தக்க ஓர் ஊரில்
துப்பாக்கிச் சந்தையின் மூன்றாம் மேசையில்
நாற்பத்திரண்டு டாலருக்கு வாங்கினேன்.

"டான்டோ," என்றான் விற்றவன்.
"சாமுராய் இடுப்பில் இருந்த ஜாதி.
கார்க் கதவையே துளைக்கும்."
கார்க் கதவுகளோடு எனக்குப் பகை எதுவும் இல்லை.
ஆனாலும் வாங்கினேன்.

வளைவே இல்லாத உடம்பு.
நேராக வந்துகொண்டிருந்த கூர்
நுனிக்கு ஒரு விரற்கடை முன்னே
திடீரென மனம் மாறி
மேலே மடங்குகிறது.
மடங்கிய இடத்தில் ஒரு முழங்கை.
எல்லாரும் நுனியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.

காலை ஏழு மணிக்குத் தீவனக் கிடங்கைத் திறக்கிறேன்.
கன்றுக்குப் பால்பொடி, வேலிக்கு ஆணி, நாய்க்கு பிஸ்கட்,
எல்லாம் பெட்டியில் வருகின்றன,
பெட்டியெல்லாம் டேப்பில் புதைந்து.
நுனியை இறக்கினால் உள்ளிருக்கும் பையும் கிழியும்.
முழங்கையை வைத்து இழுத்தால்
டேப் மட்டும் வாய் பிளக்கும்.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
பதினோரு பிஸ்கட் பைகள் போன பிறகு
கையே கண்டுபிடித்தது.

முன்னே இருக்கும் குட்டைக் கூர்
உளிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
கண்ணாடியில் ஒட்டிய பழைய விலைச்சீட்டு,
டிராக்டர் இன்ஜினில் கருகிய கேஸ்கெட்,
பூட்ஸின் அடியில் கல்லாய் உறைந்த சாணம்...
தள்ளு, தள்ளு, வந்துவிடும்.

மானுக்குத்தான் ஆகவில்லை.
தோலுக்கும் சதைக்கும் நடுவே வழுக்கிப் போக
கத்திக்குக் கொஞ்சம் தொப்பை வேண்டும்.
இது பட்டினி கிடந்த கத்தி.
அந்த அக்டோபரில் ஐந்து ஓட்டை போட்டேன்.
மைத்துனன் ஆர்வல் தோலைத் தூக்கிப் பிடித்து
ஓர் ஓட்டை வழியே கண்ணடித்தான்.
"உரித்தாயா டுவைலா, இல்லை
சல்லடை செய்தாயா?"

மார்ச்சில் கோதுமை பார்க்க ஆள் வந்தார்கள்,
ஒசாகா பக்கத்து மாவு ஆலையிலிருந்து மூன்று பேர்.
பனி இன்னும் போகவில்லை.
மூத்தவர், ஹிராபுகி, மாதிரி மூட்டையைக் காட்டி
விரலால் அறுப்பதுபோல் செய்தார்.
பிடி அவர் பக்கம் இருக்கக் கத்தியை நீட்டினேன்.
இப்படியும் அப்படியும் திருப்பினார்.
"எந்த ஊர்க் கத்தி?"
"உங்கள் ஊர்க் கத்தி."

மொழிபெயர்க்கும் பெண் முடிப்பதற்குள்
சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.
மன்னிப்புப் போல ஒரு விரலை எடுத்து
குளிர்ந்த காற்றில் ஒரு கோடு வரைந்தார்.
அவர் வரைந்த கூர்
எங்கும் முறியாமல்
நதி திரும்புவதுபோல் திரும்பி
முனையில் போய்ச் சேர்ந்தது.
பிறகு என் கத்தியின் முழங்கையைத் தட்டி,
அளவுகோல் வைத்து இதை ஒடித்தது யார் என்றார்.
"எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும்," என்றேன்.

மூட்டையின் தையலில் கத்தியை வைத்தார்.
நுனியை அல்ல.
யோசிக்கவும் இல்லை.
முழங்கையை வைத்து இழுத்தார்.
நூல் விட்டது, ஒரு மணிகூடச் சிந்தாமல்.
"ம்," என்றார்.
அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒரு கோதுமையைக் கடித்துப் பார்த்தார், கண்ணை மூடி.
அப்புறம் சாயங்காலம்வரை பேரம்.
புஷலுக்கு ஒரு சென்ட் கூட ஏறவில்லை.

ஜூலையில் நுனி போனது.
என் தப்புதான். கத்தியால் நெம்பக் கூடாது.
மூன்று மில்லிமீட்டர் எங்கே தெறித்ததென்று
தேடவும் இல்லை.
மறுநாள் லாரி வந்தது. முழங்கை வேலைக்குப் போனது.

அடுத்த சந்தையில் அதே மேசை, அதே ஆள்.
முறிந்த நுனியைப் பார்த்ததும்
அவன் முகத்தில் ஒரு வெளிச்சம்.
"கார்க் கதவா?"
"பெயின்ட் டப்பா," என்றேன்.
"மஞ்சள்."