மூன்றாம் எண் கணினி

காட்பாடியில் ரெய்டு என்று காதில் விழுந்த அன்றே
முனவ்வர் அண்ணன் ஏழு கணினியிலும்
லினக்ஸ் ஏற்றிவிட்டார்.
காசு இல்லை, வைரஸ் வராது, போலீசும் வராது.
படம் வராது என்பதை
வாடிக்கையாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்சந்து,
இரண்டு லாட்ஜுக்கு நடுவே கடை.
பலகையில் தமிழ் மேலே, வங்காளம் கீழே.
மணிக்குப் பதினைந்து ரூபாய்.
கல்லாவிலும் நான்தான்,
மேசைக்கடியில் ஒயர் பிடித்துப் பார்ப்பதும் நான்தான்.

பரிமள் மண்டல் வந்தது ஆடி மாதக் கடைசியில்.
ஊர் முர்ஷிதாபாத். மனைவிக்கு
வால்வு மாற்றி ஆறாம் நாள்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்திருந்த முகவரியை
ஒற்றை விரலால் அவரே அடித்தார்.
பக்கம் திறந்தது. படம் இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் நிறச் சதுரம்,
நடுவில் ஒரு புதிர்த்துண்டு.
"திதி, ஒரு தடவை பாரு" என்றார்,
லாட்ஜில் கற்ற தமிழில்.

பார்த்தேன். செருகுநிரல் இல்லையாம்.
இறக்க நாற்பது நிமிடம், இடையில் கரண்ட் போய்
முதலிலிருந்து நாற்பது நிமிடம்.
கறுப்புத் திரையில் கடவுச்சொல் அடித்தால்
ஒரு நட்சத்திரம்கூட விழாது,
விரலை நம்பித்தான் அடிக்கவேண்டும்.
கோப்பை ஓர் அடைவில் வைத்தேன்.
உலாவி வேறோர் அடைவைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அங்கேயும் வைத்தேன். அசையவில்லை.
உலாவி அறுபத்துநாலு பிட், செருகு முப்பத்திரண்டு.
இரண்டுக்கும் நடுவே பேச
மூன்றாவதாக ஒரு நிரல் வேண்டும்.
ஆஸ்பத்திரி வாசலில் என்றால்
நாளுக்கு இருநூறு ரூபாய்க்கு நாலு பேர் நிற்பார்கள்.

அவர் எழுந்திருக்கவே இல்லை.
டோக்கன் வாங்கி உட்கார்ந்து பழகிய உடம்பு.
நடுவில் சொன்னார்:
கங்கை கரையை வெட்டுது.
வீடு நிக்குது என்கிறான் தம்பி.
போனில் அவன் குரல் சரியில்லை.
உள்ளூர் கேபிள்காரன் எடுத்த படம் இது.

தலையாட்டினேன்.
ஆறு வீட்டைத் தின்னும் என்று எனக்கு எப்படித் தெரியும்?
பதினெட்டாம் பெருக்குக்கும்
எங்கள் பாலாற்றில் ஓடியது மணல் லாரி.

நாலேகாலுக்குப் புதிர்த்துண்டு மறைந்தது.
படம் ஓடியது, ஊமையாக.
காலையில் யாரோ பாட்டுக் கேட்டுவிட்டு
மூடாமல் போன பிளேயர்
சத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது.
அதை நிறுத்தப் போனேன்.
"சத்தம் வேண்டாம்" என்றார்.

மூன்று நொடி ஓடும். நிற்கும். வட்டம் சுற்றும்.
செம்மண் நிறத் தண்ணீர். வட்டம்.
ஒரு வாழை வரிசை, இல்லை,
இருந்த இடம். வட்டம்.
தகரக் கூரை, பச்சைச் சன்னல்.
அங்கே வந்து நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
எங்கள் இணைய வேகத்தை
முதல்முறையாக நான் திட்டவில்லை.

பிறகு ஓடியது.

எவ்வளவு என்று கேட்டார், திரையைப் பார்த்தபடி.
ஒரு மணிக்கு மட்டும் வாங்கினேன்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
"நாளைக்கு டிஸ்சார்ஜ். அவளுக்கும் இந்த முகவரி தெரியும்,
இங்கேதான் வரணும் என்பாள்.
திதி, இதை
காலையில் இருந்த மாதிரி செய்ய முடியுமா?"

மூன்று மணி நேரம் சேர்த்ததை
நீக்க ஒரே வரி.
நிச்சயமா என்றுகூட அது கேட்கவில்லை.

மறுநாள் அவள் வந்தாள், சால்வைக்குள் நெஞ்சைப் பிடித்தபடி.
மூன்றாம் எண் முன்னால் உட்கார்ந்தாள்.
சாம்பல் சதுரம்.
துண்டின் மேல் சொடுக்கினாள். மறுபடியும்.
"லினக்ஸ்ல இது வராதுக்கா" என்றேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பார்த்தா முனவ்வர் அண்ணன் உள்ளே வரவேண்டும்?
"ஏம்மா, நேத்து இதுல ஓடுச்சே!"

தமிழில்தான் கேட்டார்.
ஒன்றரை மாதம் லாட்ஜில், வார்டில், மருந்துக் கடையில்
அவள் எவ்வளவு தமிழ் பிடித்திருந்தாள் என்று
எனக்குத் தெரியாது.
சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.
அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.
பதினைந்து ரூபாயைச்
சில்லறையாக எண்ணி வைத்தாள்.