டு

கிரிம்ஸ்பி, ஜனவரி.
மரண விசாரணை அறையில் ஹீட்டர் ஓடுகிறது,
ஜன்னல் பக்கம் மட்டும்.
ஹிலரி பிராக்கிள்ஸ்பி மேல்கோட்டைக் கழற்றாமல்
தட்டச்சு செய்கிறாள்.
இருபத்திரண்டு வருடமாக
மற்றவர்கள் சொன்னதை, சொன்னபடி,
ஒரு காற்புள்ளிகூடச் சேர்க்காமல்.

இறந்தவர் காலின் பிளான்சர்ட், ஐம்பத்தாறு வயது,
மீன்துறை ஐஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
அம்மோனியா.
சாட்சி ஒருவர்தான்: அய்வார்ஸ், லாட்வியாக்காரர்,
மீன்பெட்டி தூக்கித் தூக்கி ஆங்கிலம் கற்றவர்.
போலீஸில் அவர் கொடுத்தது மூன்று வாக்கியம்.
ஹி ஸ்டாப்டு செக்கிங் த வால்வு.
எவ்ரி நைட்.
அலோன்.

கம்பெனி வக்கீலுக்கு முதல் வாக்கியம் போதும்.
"வால்வைச் சரிபார்ப்பதையே நிறுத்திவிட்டார்.
நான் சொல்லவில்லை, அவருடைய நண்பர் சொல்கிறார்."
செக்கிங், தொழிற்பெயர்:
செய்துவந்த வேலை பெயராக உறைந்து
கட்டியாக வெட்டி எடுக்கப்படுவது.
ஐஸ் ஆலைக்கு ஏற்ற இலக்கணம்தான்.

டெனீஸ் பிளான்சர்ட் கையுறையின் ஒரு விரலை
உள்ளே தள்ளி வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஹிலரியின் கை நின்றது.
ஒவ்வொரு இரவும் எப்படி ஒருவர் நிறுத்துவார்?
நிறுத்துவது ஒரு தடவை.
நிற்பதுதான் தினமும்.
நடுவில் ஒரு டு விழுந்திருக்கிறது.
ஆங்கிலத்தில் இரண்டெழுத்து, நம் கணக்கில் ஒன்று.
ஸ்டாப்டு டு செக்: சரிபார்க்க நின்றார்,
போகிற வழியில், கையில் பிளாஸ்க்கோடு.
டுகூட வேண்டாம், ஒரு காற்புள்ளி போதும்:
ஸ்டாப்டு, செக்கிங். நின்றார், சரிபார்த்தபடி.
காற்புள்ளி சேர்க்கத்தான் அவளுக்குச் சம்பளம் இல்லை.

துண்டுச் சீட்டில் எழுதினாள்: எவ்ரி நைட்?
கேள்விக்குறியை இருமுறை அழுத்தி.
கரோனர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மிஸ்டர் அய்வார்ஸ், காலின் என்ன செய்வார்?
வார்த்தை வேண்டாம், செய்து காட்டுங்கள்."

அவர் எழுந்தார். கம்பளத்தில் நாலு எட்டு நடந்தார்.
நின்றார்.
குனிந்து, இல்லாத குழாயில் காது வைத்து,
இல்லாத தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி,
மூக்கைச் சுருக்கி முகர்ந்தார்.
பிறகு, யாரும் கேட்காமலே, அந்த வால்வுக்கு
நாய்க்குட்டியைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு.
டெனீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"அவரேதான்" என்றாள்.
அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று
அப்புறம் தெரியவில்லை.

வக்கீல் ஆட்சேபித்தார். அதையும் ஹிலரி தட்டினாள்.

தீர்ப்பு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

மாலையில் மிச்ச வேலை: தடயப் பொருள் ஏழு.
சட்டைப்பையில் கிடந்த ரசீதின் பின்புறம்,
காலின் கையெழுத்தில், டு என்றே தொடங்கும் வரிகள்.
தோட்டத்துக் கேட்டைச் சரிசெய்ய
ஷெரிலுக்குப் போன் பண்ண
வாசல் பனிக்கு உப்பு வாங்க
இந்த வினைகளுக்குக் காலம் கிடையாது.
ஆண் பெண் கிடையாது, ஒருமை பன்மை கிடையாது.
செய்ய ஆள் வரும்வரை சும்மா நிற்கும்.
தமிழில் எச்சம் என்போம்.
மிச்சம் என்றும் அர்த்தம்,
விட்டுப்போன பிள்ளைகள் என்றும்.
ஹிலரிக்கு அது தெரியாது.
ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டினாள்.
முற்றுப்புள்ளி வைக்கவில்லை,
அவர் வைக்கவில்லை என்பதால்