மெனாய் நீரிணையில் மூன்று கயாக்குகள்

மெரெரிட் ஒற்றை ஓட்டத்தை நம்புவதில்லை.
"ஓதம் பின்னால் தள்ளும்போது
கழுதையும் குதிரைதான்" என்கிறாள்.
ஆகவே ஒவ்வொன்றையும்
சிவப்பு மிதவைவரை போகவும் வரவும் ஓட்டி,
கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும்.

முதலாவது நீளம், ஒல்லி.
ஜிபிஎஸ் நாலரை நாட் காட்டியது.
தூண்டிலை எடுக்கத் திரும்பினேன்,
வானம் காலடிக்கு வந்தது.
கரையில் கெதின் சிரித்ததைத்
தண்ணீருக்குள்ளிருந்தே கேட்டேன்.

இரண்டாவது மஞ்சள். சோபா அகலம்.
ஐஸ்பெட்டி, நாலு கம்பு, மீன் காட்டும் திரை
எல்லாம் ஏற்றிய பிறகும்
எழுந்து நின்று ஒன்றுக்குப் போகலாம்
(கெதின் போனான். குறிப்பேட்டில் இல்லை).
மூன்று நாட். அதற்குமேல்
தோள் கழன்றாலும் நகராது.
தன் மூக்குக்கு எதிரே தானே ஓர் அலையைக் குவித்து
அதன்மேல் ஏறமாட்டாமல் முனகுகிறது.

மூன்றாவது, கால்மிதி வைத்தது.
கணக்கு ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது,
பாலத்து நிழலில் சட்டென்று இரண்டரை.
பாசியா? எதிர்க்காற்றா?
ஐம்பத்தாறு வயது முழங்காலா?
திரும்பிப் பார்த்தால்
கம்பு வில்லாகிக் கிடக்கிறது:
ஒரே நரம்பில் மூன்று கானாங்கெளுத்தி,
மூன்றும் எனக்கு எதிர்த்திசையில் நீந்துகின்றன.

"இது செல்லாது" என்று மெரெரிட்
பென்சிலால் அடித்தாள்.
வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.
அடித்த எண்ணைச் சுற்றி
சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

நாளை ஓதம் அசையாத அந்த இருபது நிமிடத்தில்
மறுபடி ஓட்ட வேண்டுமாம்.
சரி என்றேன்.
கெதின் அடுப்பைப் பற்றவைத்துவிட்டான்.