மூடி நசுங்கிய தூக்கு

இரும்பு ஏணிக்கு மேலே
பத்துக்கு எட்டு அறையில்
லோச்சன் ராம் இருமினால்
எங்கள் ஐந்து வீட்டுக்கும் கேட்கும்.
தாராவியில் சுவர் என்பது
பேச்சுக்குத்தான் சுவர்.

காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற ஆள்.
பீகாரில் எங்கேயோ ஊர்.
சயான் ஆஸ்பத்திரியில் டிபி என்றார்கள்,
பட்டறையில் நாளை வராதே என்றார்கள்.
மாத்திரை சர்க்கார் தருகிறது.
அதை விழுங்க வயிற்றில் ஏதாவது கிடக்க வேண்டுமே,
அதை யார் தருவது?

நான்தான் முதலில் கொடுத்தேன் என்று
பெருமையடிக்க வாயெடுப்பேன்,
உண்மை தொண்டையில் நிற்கும்.
மாதுங்கா ஸ்டேஷன் வாசலில்
மழை கெடுத்த வியாபாரம்,
விற்காமல் மிஞ்சிய இட்லி அது.
நல்ல தூக்கில் வைக்க மனசு வரவில்லை.
மூடி நசுங்கியதைத் தேடியெடுத்து
காதில் சிவப்பு நூல் கட்டினேன்,
நம்ம பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாதென்று.

அவர் இறங்கவில்லை.
கயிற்றில் ஒரு கொக்கி இறங்கியது.
தலைகீழ்க் கிணற்றில் வாளிபோல
தூக்கு மேலே போயிற்று.

மறுநாள் ஷேவந்தா பாக்ரி வைத்தாள்.
அதற்கு மறுநாள் ருக்சானா, பருப்பு.
ஞாயிற்றுக்கிழமை யார் என்பதில் சண்டை.
“போன வாரமே நான் மீன் கொடுத்தேன்.”
“அது மீனா? முள்ளு.”
இந்திக்குள் தமிழும் மராத்தியும் புகுந்து
குழாயடி வரைக்கும் போனது.
இரண்டு வருஷமாய் முகம் பாராத
நானும் செல்லக்கனியும்
அந்தச் சண்டையில்தான் பேசிக்கொண்டோம்.

சாயங்காலம் தூக்கு இறங்கும்,
பளிச்சென்று கழுவி, வெறுமையாய்.
எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்புவதில்லை,
ஒரு சிட்டிகை சீனியாவது போடுவோம்.
அவருக்கு அது தெரியாது.
தெரிந்தாலும் சீனிக்கு எங்கே போவார்.

பத்தொன்பதாம் நாள்
இறங்கும்போதே கலகலவென்றது.
திறந்தால் பட்டன்கள்.
எல்லாம் வெள்ளை, ஒன்று மட்டும் நீலம்.
என் மகன் பள்ளிக்கூடச் சட்டையில்
நடுப்பட்டன் இல்லாததை
மேலேயிருந்து பார்த்திருக்கிறார்.

சிவப்பு நூல் எப்போது அறுந்ததோ.
அந்தத் தூக்கு இப்போது
யார் வீட்டு அடுக்கில் வேண்டுமானாலும் இருக்கும்,
ஷேவந்தா அதில்தான் பால் வாங்குகிறாள்.
கைக்கு எது வருகிறதோ
அதில் போகிறது அவர் சாப்பாடு.

நேற்று ருக்சானாவின் முறை. மறந்துவிட்டாள்.
நாங்களும் கவனிக்கவில்லை.
ராத்திரி ஒன்பதரைக்கு
ஏணி கிரீச்சிட்டது.
ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி,
இறங்கியவர்
யார் கதவையும் தட்டவில்லை.
சந்து நடுவில் நின்று
பொதுவாய்க் கேட்டார்:
“ஏதாவது மிச்சம் இருக்கா?”

நாலு மாசத்தில் அந்த மனுஷன்
வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

மிச்சம் இருந்தது.
இல்லை என்று சொல்லிவிட்டு
அடுப்பைப் பற்றவைத்தேன்.