கடைவாய்ப் பல்

மூன்றாண்டுகளாக
வலப்பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன்.
இடப்பக்கக் கடைவாய்ப் பல்
அதுபாட்டுக்குச் சொத்தையாகிக்கொண்டிருந்தது.

உதவித்தொகைப் படிவத்தில்
பத்துப் பக்கம் நித்திலனைப் பற்றி:
தானாக உட்காருவானா, எதைக்கொண்டு உண்பான்,
இரவில் எத்தனை முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.
கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்:
பராமரிப்பவர் நலமா?
நலம் என்று குறியிட்டுவிட்டு
பனடோல் ஒன்று போட்டுக்கொண்டேன்.

இந்தச் சனிக்கிழமை தொண்டூழியர் வந்தாள், ஹுதா.
அவன் அப்பாவுக்குத் துவாஸில் ஓவர்டைம்.
மூன்று மணி நேரம் நான் இருக்கிறேன், போய்வாருங்கள் என்றாள்.

எங்கே போக?
மின்தூக்கியில் இறங்கும்போது
இல்லாத சக்கர நாற்காலியைப் பிடித்திருந்தன கைகள்.
புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம், கொம்பாங் முழக்கம்.
சத்தம் ஆகாது அவனுக்கு.
கார்ப்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.
பாதி தூரம் போனபின்தான் உறைத்தது,
தனியாகத்தான் வந்திருக்கிறேன்.

ஈசூன் ரிங் சாலைப் பல் மருத்துவர்
எப்போதிலிருந்து வலி என்றார்.
அவனுக்கு நாற்காலி மாற்றினோமே,
அதற்கும் முன்னால் என்றேன்.
அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

இருக்கை மெல்லப் பின்னால் சாய்ந்தது.
கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.
பிடரிக்கு அடியில் ஒரு கை.
வாயைத் திறங்க, இன்னும் கொஞ்சம்,
அப்படித்தான், அப்படியே இருங்க.
நாளைக்கு மூன்று வேளை
நான் சொல்கிற அதே சொற்கள்.
கண்ணீர் காதுக்குள் இறங்கியது.
வலிக்கிறதா என்று பதறினார்.
இன்னும் ஊசிகூடப் போட்டிருக்கவில்லை.

ஜூலையில் அவனுக்குப் பதினெட்டு.
பள்ளிப் பேருந்து வராது.
பகல்நேர நிலையத்தின் காத்திருப்புப் பட்டியலில்
நாற்பத்தொன்றாவது பெயர்.
அறுபத்திரண்டு கிலோ, என் இடுப்பு, குளியலறைப் படி.
எனக்குப் பிறகு என்று தொடங்கும் வாக்கியத்தை
யாரிடமும் முடித்ததில்லை.
இதையெல்லாம் நினைக்க
வாய் திறந்தபடி நாற்பது நிமிடம் கிடைத்தது.

உதடு பாதி மரத்து, எச்சில் வழிய,
வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
பெயராக வரவில்லை அது.

நித்திலன் பார்த்தான். நெடுநேரம்.
பிறகு அந்த மடங்கிய விரல்கள் கிளம்பி,
பாதி வழியில் விலகி, மறுபடி வந்து,
என் மோவாயில் மோதின.
துடைத்தான் என்கிறாள் ஹுதா.
இடித்துக்கொண்டான் என்றும் சொல்லலாம்.
எதுவானாலும் மரத்த பக்கம்,
எனக்குத் தெரியவில்லை.

வேர்ச் சிகிச்சைக்கு
இன்னும் இரண்டு முறை வரச்சொன்னார்கள் என்றேன்.
குழறல்தான்.
என்ன சொன்னீர்கள் என்று கேட்காமல்
நாள்காட்டியில் அவள்
இரண்டு சனிக்கிழமைகளை வட்டமிட்டாள்.