ம்

அதிகாலை மூன்று பத்து. செங்காங், பதினோராம் மாடி.
துவாஸிலிருந்து சுஃப்யான்:
"ரெண்டு கிரேன், ஒரே பெட்டிமேல.
சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டேன்.
உங்க புரோகிராம் ரெண்டு பேர்கிட்டயும்
இது உனக்குத்தான்னு சொல்லியிருக்கு."

லேப்டாப்பைத் திறந்தேன். கண் இன்னும் திறக்கவில்லை.

ஆறு சர்வர்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாய் ஒரு பூட்டு.
பூட்டு என்றால் இரும்பு இல்லை.
உணவங்காடியில் மதிய நேரம்
மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பொட்டலம் மாதிரி.
யார் வேண்டுமானாலும் எடுத்து எறியலாம்.
யாரும் எறிவதில்லை, அவ்வளவுதான்.

பதிவேட்டில் நொடி நொடியாய் இறங்கினேன்.
இரண்டு ஐம்பத்தொன்று, ஏழாம் நொடி:
நாற்பத்திரண்டாம் இழை பூட்டுக்காகக் காத்து நிற்கிறது.
ஒன்பதாம் நொடி: யாரோ அதன் தோளைத் தொடுகிறார்கள்.
போதும், கிளம்பு, சர்வரை மூடப் போகிறோம்.
அதட்டல் இல்லை. இழுத்துத் தள்ளவில்லை.
தொட்டதோடு சரி; மிச்சம் இழையின் பொறுப்பு.

அறைக்கதவை மேரிகிரேஸ் தட்டினாள்.
என்னவோ கேட்டாள். ம் என்றேன்.

தொட்டதைப் பிடிக்க ஒரு கேட்ச் இருந்தது.
உள்ளே எதுவும் இல்லை.
வளைந்த இரண்டு அடைப்புகளுக்கு நடுவே
"இது நடக்காது" என்று ஒரே ஒரு குறிப்பு.
எந்தப் புண்ணியவான் என்று பெயரைத் தேடினேன்.
நான்தான்.
இரண்டு வருடம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.

பிடித்த மறுகணம் கொடி தானாக இறங்கிவிடும்.
திரும்ப ஏற்றாவிட்டால்
அந்த இழையைத் தொட்டதற்கு ஒரு தடயமும் இருக்காது.
அதுவும் வரிசையைவிட்டு விலகி,
பூட்டு கிடைத்துவிட்டதாகவே நினைத்து,
நேராக உள்ளே போய், கிரேனை அனுப்பியிருக்கிறது.
வேலை முடிந்ததும்
சொல்லிக் கொடுத்தபடி பூட்டைத் திறந்தும் விட்டது.
அடுத்தவன் பூட்டை.
அவன் உள்ளே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கையில்.
மூன்றாவது கிரேன் கிளம்பத் தயாராய் நின்றதைப் பார்த்ததும்
கை சில்லிட்டது.

திருத்தம் என்னவோ சில வரிகள்தான்.
தொட்டார்களா, கொடியைத் திரும்ப ஏற்று.
பூட்டு கிடைக்கவில்லை என்று மேலே சொல்லிவிட்டு வெளியே வா.
வாங்காத பூட்டைத் திறக்காதே.
வாங்கியதாகவே இருந்தாலும்
சீட்டில் இருப்பது உன் எண்தானா, ஒருமுறை பார்.
பூட்டுக்குக் காலக்கெடு வைக்க வேண்டும்;
அதற்கு மட்டும் "நாளை" என்று குறிப்பெழுதினேன்.
சோதனைகள் பச்சையாயின.
சுஃப்யான் கட்டைவிரல் அனுப்பினான்.

ஆறு இருபது. ஒரு கோப்பி குடித்தால் தேவலாம்.
செருப்பு மாட்டினேன். மரக்கதவு திறந்தது.
இரும்புக் கேட் திறக்கவில்லை.
வெளிப்பக்கம் பூட்டு தொங்குகிறது.
ஆணியில் என் சாவி இல்லை.

ஃப்ரிட்ஜில் மஞ்சள் சீட்டு, மேரிகிரேஸ் கையெழுத்து:
"வார்டில் அவசரம், கூப்பிட்டுவிட்டார்கள்.
என் சாவி அங்கே லாக்கரில்.
உன்னுடையதை எடுத்துப்போய் வெளியே பூட்டலாமா என்று கேட்டேன்,
ம் என்றாய்.
எட்டு மணிக்குள் வராவிட்டால்
ஒன்பதாம் மாடி மேடம் லோவிடம் மாற்றுச் சாவி இருக்கிறது,
போன் பண்ணு."

எதிர்வீட்டுப் பையன் பள்ளிப்பையோடு நின்று
கம்பிக்குள் என்னைப் பார்த்தான்.
"ஆன்ட்டி, வெளிய போகலையா?"
ம் என்று வாய்வரை வந்துவிட்டது.
"இல்லப்பா," என்றேன், "சாவி இல்ல."
லிஃப்டை விட்டுவிட்டு வந்து
பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தான்.
"நல்லாத்தான் பூட்டியிருக்காங்க," என்றான்.

வாசலிலேயே உட்கார்ந்து மறுபடி லேப்டாப்பைத் திறந்து
"நாளை"யை அழித்தேன்.
காலக்கெடு: முப்பது நொடி.

கீழே கோப்பிக் கடையில்
ஷட்டரை ஏற்றும் சத்தம்.