காலிக் குளத்தில் ஒரு பலூன்

மார்ச் மாதத்து வில்யாண்டி. மைனஸ் ஒன்பது.
பால் ஆய்வகத்தில் நாளெல்லாம் கொழுப்பு அளந்த கையால்
கணினியைத் திறக்கிறேன்.
மூன்று செல்லோ, ஓர் ஓபோ, பதினோரு நிமிடம்.
எழுதி முடித்தாயிற்று.
ஒலிக்கும் பொத்தானை அமுக்கினால்
பல் மருத்துவமனையில்
'சற்றுக் காத்திருங்கள்' என்றபின் வருமே,
அது வருகிறது.

எல்லாச் சுரத்துக்கும் அழுத்தம் எண்பது.
படியில் தலைதட்டி அளந்த அரிசி.

மென்பொருளோடு வந்த ஒலியைக் கழற்றி எறிந்தேன்.
பெர்கனில் யாரோ ஒரு புண்ணியவான்
தன் செல்லோவைச் சுரம் சுரமாக இழுத்து
மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என மும்மூன்று முறை
பதிந்து வைத்திருந்தான்.
அதை இறக்க ஓர் இரவு.
பிறகு எண்பதைக் கலைத்தேன்:
எண்பத்துமூன்று, எழுபத்தாறு, எண்பத்தொன்று.
இரண்டாம் செல்லோ
பன்னிரண்டு மில்லிநொடி பிந்தி வரட்டும்.
மூன்றாவதன் சுருதி நூலளவு இறங்கட்டும்.
பிழை ஏற ஏற
நாற்காலிகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிரொலிப் பட்டியலில்
தேவாலயம் இருந்தது, பேரரங்கு இருந்தது, குகைகூட இருந்தது.
எதைப் போட்டாலும்
குளிக்காதவன் பூசிய அத்தர்.

நகராட்சி நீச்சல் குளத்தில் அப்போது பழுதுவேலை.
தண்ணீரை இறைத்துவிட்டிருந்தார்கள்.
காவலர் கல்யோ ரூபெலிடம் கேட்டேன்:
உள்ளே ஒரு பலூன் உடைக்க வேண்டும்.
"பிறந்தநாளா?"
இல்லை, ஒரு சத்தம் அங்கே எப்படிச் சாகிறது என்று
பதிய வேண்டும்.
நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார்.
"செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குங்கள்" என்றார்,
சொட்டுத் தண்ணீர் இல்லாத குளத்தில்.

மஞ்சள் பலூன். சட்டை ஊசி.
மூன்று மீட்டர் ஆழம் என்று எழுதிய இடத்தில் நின்று
குத்தினேன்.
வெடி ஓடுகளில் மோதி, கூரைக் கண்ணாடிக்கு ஏறி,
இறங்கி, மெலிந்து,
இதோ அடங்கப்போகிறது எனும்போது
மூன்றாம் நொடியில்
கல்யோ ரூபெல் இருமினார்.

வீட்டுக்கு வந்து வெடியை மென்பொருளுக்கு ஊட்டினேன்.
அது அறையைக் கற்றுக்கொண்டது.
ஓபோ ஒரு சுரம் விட்டால்
அது குளத்தில் விழுந்து உருண்டது. என்ன அழகு!
மூன்றாம் நொடியில் இருமியது.
சுரந்தோறும் இருமல்.
ஆயிரத்து நூற்று நாற்பது சுரங்கள்.
நீள வில் இழுப்புகளில் அது கரைந்து
அடித்தொண்டைக் காற்றாகப் படர்ந்தது.

வெட்டிப் பார்த்தேன்.
வாலை வெட்டிய இடத்தில் குளம் சட்டென முடிந்தது,
கதவை அறைந்து சாத்தியதுபோல்.
மறுபடி பதியலாம் என்று ஓடினால்
குழாய் திறந்துவிட்டார்கள்,
முழங்கால் அளவு நீலம்.

குறைத்தேன். பதினெட்டு டெசிபெல்.
இரவு இரண்டு மணிக்கு
நாற்பத்தேழாம் அளவையில் நின்றேன்.
அங்கே ஓபோவுக்குப் பதினாறு அளவைகள்
மூச்சே வைக்காமல் எழுதியிருக்கிறேன்.
மின்சாரம் ஊதுகிறது, கேட்கவா வேண்டும்.
அந்த இருமல்
மனிதர் மூச்செடுக்கும் இடத்தில் சரியாக விழுந்தது.
ஒரு சிறு நிறுத்தக்குறி போட்டேன்.
ஓபோக்காரி லீவி
இப்போது திட்ட மாட்டாள்,
அந்த ஒரு விஷயத்துக்காவது.

குளம் திறந்த அன்று
காதணிக் கருவியைக் கல்யோவிடம் கொடுத்தேன்.
குளோரின் வாசனை, பிள்ளைகளின் கூச்சல்,
ஈரத் துண்டு தோளில்.
கண்ணை மூடிப் பதினோரு நிமிடமும் கேட்டார்.
"நன்றாக இருக்கிறது" என்றார்.
பின் குரலைத் தாழ்த்தி:
"வாசிப்பவர்களில் யாருக்கோ மார்ச்சளி.
வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்."

சொல்கிறேன் என்றேன்.